முட்டு வலிக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்களா? குமரி மாவட்டத்துக்காரர்கள் அதற்கு முன் செய்ய வேண்டியவை

எங்கள் அம்மா கருங்கல் பக்கத்தில் ஒரு அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், 28 வருஷம் தரையில் உட்கார்ந்து அண்டி தல்லியவர் (முந்திரிக்கொட்டை உடைத்தவர்). 61 வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் முழங்காலில் நின்றவர் எழும்ப முடியாமல் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். பூசை முடிந்து ஆட்கள் வெளியே போகிற வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறம் பத்து மாசம் அலைந்தோம். முதலில் போன தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு இரண்டே நிமிஷத்தில், ரெண்டு முட்டும் தேய்ஞ்சு போச்சு, மாத்தணும், ஒரு காலுக்கு இரண்டரை லட்சம் ஆகும் என்று சொன்னார்கள். தொடையை ஒருதடவை தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இன்றைக்கு அம்மா ஆபரேஷன் செய்யாமலே கருங்கல் சந்தைக்கு நடந்து போய் மீன் வாங்கி வருகிறார். வலி முழுசாகப் போகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுசாகப் போகும் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் அந்த இடத்திலிருந்து எழும்பி வந்துவிடுங்கள். ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும், எதை அப்புறம் செய்ய வேண்டும் என்கிற வரிசை அன்றைக்கே தெரிந்திருந்தால் எங்களுக்கு ஏழு மாசமும் முப்பதாயிரத்துக்கு மேல் பணமும் மிஞ்சியிருக்கும். நான் டாக்டர் இல்லை. டாக்டரைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும், காசை எதில் போட வேண்டும், எதில் போடக் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் இது தேய்மான வலிதானா என்று பாருங்கள்

45 வயது தாண்டியவருக்கு உட்கார்ந்து எழும்பும்போதும் படி இறங்கும்போதும் வலிக்கிறது, காலையில் எழும்பினதும் முட்டு பிடித்த மாதிரி இருந்து அரை மணி நேரத்துக்குள் இளகிவிடுகிறது, அதிகம் நடந்தால் கூடி ஓய்வெடுத்தால் குறைகிறது என்றால் பெரும்பாலும் அது தேய்மானம்தான். கீழே சொல்லப்போவதெல்லாம் அதற்குத்தான்.

காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்து, கைவிரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனையும் வேறு மருந்தும் வேண்டும், தள்ளிப்போட்டால் மூட்டு கெடும். இன்னொன்று, இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் வலி முட்டில் தெரியும், அதனால் இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சிலதுக்குக் காத்திருக்கவே கூடாது. காய்ச்சலோடு முட்டு சிவந்து சுட்டு வீங்கினால், விழுந்ததற்கப்புறம் காலை ஊன்ற முடியாவிட்டால், முட்டு பாதியில் மாட்டிக்கொண்டு நீட்டவோ மடக்கவோ வராவிட்டால், ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

2. எங்கே போவது, கையில் என்ன எடுத்துக்கொண்டு போவது

நாகர்கோவில் பக்கம் இருப்பவர்கள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மேற்கே இருப்பவர்களுக்குத் தக்கலையிலும் குழித்துறையிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது, முதல்தடவை காட்ட அதுவே போதும். நாங்கள் ஆசாரிப்பள்ளம் போனோம், இரண்டு பஸ். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் அம்மாவுக்குச் செலவில்லை, ஆனால் படி உயரமாக இருக்கும், ஏற்றி இறக்கக் கூட ஒருவர் போக வேண்டும்.

ஓ.பி. காலையில்தான். 8 மணிக்கு முன்னாடி சீட்டு வரிசையில் நின்றால் மத்தியானத்துக்குள் வீடு திரும்பலாம், 10 மணிக்குப் போனால் டாக்டரைப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். திங்கட்கிழமையும் பண்டிகைக்கு மறுநாளும் தவிர்த்துவிடுங்கள், கூட்டம் தாங்காது. சீட்டுக்குக் காசு இல்லை.

எடுத்துப் போக வேண்டியவை: ஆதார் அட்டை, ஒரு போன் நம்பர், பழைய எக்ஸ்ரேயும் சீட்டுகளும், சுகர் பிரஷர் நோட்டு, இப்போது சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டைகள். மாத்திரையின் பேர் ஞாபகம் இல்லாவிட்டால் காலி அட்டையையாவது ஒரு கவரில் போட்டுக் கொண்டு போங்கள். அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி: எத்தனை மாசமாக வலி, எந்த வேலையில் கூடுகிறது, ராத்திரி தூக்கம் கெடுகிறதா, நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது. டாக்டருக்கு உங்களிடம் பேச மூன்று நாலு நிமிஷம்தான் கிடைக்கும், அந்த நாலு வரி அதைக் காப்பாற்றும்.

கிளம்புவதற்கு முன் மறக்காமல் ஒன்று கேளுங்கள்: "பிசியோதெரபிக்கு எழுதித் தருவீங்களா?" இதைக் கேட்காமல் முதல் இரண்டு தடவை வலி மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

நடக்கவே முடியாத ஆளாக இருந்தால் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், அதற்கும் காசு இல்லை. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது கிராம சுகாதார செவிலியரிடம் பேரைக் கொடுத்து வையுங்கள். வருகிற நாள் அவர்கள் கையில் இருக்கிறது, அதனால் வரும்போது ஒவ்வொரு பயிற்சியையும் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள்.

3. எக்ஸ்ரே: நின்றுகொண்டு எடுக்க வேண்டும்

படுக்க வைத்து எடுத்த படத்தில் மூட்டின் இடைவெளி உண்மையைவிட அதிகமாகத் தெரியும். உடம்பின் பாரம் காலில் இறங்கும்போதுதான் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியும், அதனால் இரண்டு காலையும் ஊன்றி நிற்க வைத்து எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் முதல் படம் படுத்தபடி எடுத்தது. மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று, 500 ரூபாய் வீண்.

ரிப்போர்ட்டில் தேய்மானத்துக்குக் கிரேடு 1 முதல் 4 வரை போடுவார்கள், 4 என்றால் மிக அதிகத் தேய்மானம். அம்மாவுக்கு வலது காலில் 3. இந்த நம்பரைப் பார்த்து மனசு விட்டுவிடாதீர்கள். கிரேடு 4 உள்ளவர் வயலில் வேலை செய்கிறார், கிரேடு 2 உள்ளவர் படுக்கையை விட்டு எழும்பவில்லை, இரண்டும் நடக்கிறது. படமும் வலியும் ஒத்துப் போக வேண்டும் என்று இல்லை. ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதை வலியும் நடையும் தூக்கமும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும், படம் மட்டும் போதாது. இதை எனக்குப் புரியவைத்த அரசு மருத்துவமனை இளம் டாக்டருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சாதாரண தேய்மானத்துக்குத் தேவையில்லை. யாராவது எழுதிக் கொடுத்தால், இதில் என்ன தெரிந்தால் சிகிச்சை மாறும் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் எடுங்கள்.

4. தொடைக்குப் பலம் ஏற்றுங்கள், மூன்று மாசம்

மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டில் இறங்குகிற அதிர்ச்சியில் ஒரு பங்கைத் தொடையின் முன்பக்கத் தசை வாங்கிக்கொள்கிறது. வலி வந்தால் நாம் காலை ஆட்டாமல் வைத்துக்கொள்கிறோம், தசை மெலிகிறது, மெலிந்ததால் பாரம் நேரே மூட்டில் போய் இன்னும் வலிக்கிறது. அம்மாவின் தொடையைத் துணி அளக்கிற டேப் வைத்து அளந்தேன், வலது இடதைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைவு. அத்தனை மாசம் நாங்கள் முட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம், தொடை மெலிவதை யாரும் பார்க்கவில்லை.

வீட்டில் செய்கிற பயிற்சிகள் இவை. பிசியோதெரபிஸ்ட் ஒருதடவை பார்த்துத் திருத்தின பிறகு செய்யுங்கள்.

துண்டு அழுத்துவது: கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு குளிக்கிற துண்டைச் சுருட்டி முட்டுக்குக் கீழே வையுங்கள். முட்டால் துண்டைக் கீழே அழுத்தி 5 எண்ணும் வரை பிடித்து விடுங்கள். சரியாகச் செய்தால் முட்டுச்சில்லு தொடைப் பக்கமாக ஒரு இழுப்பு மேலே நகர்வது கண்ணுக்குத் தெரியும், தொடை கையில் கல் மாதிரி இருக்கும். அம்மா முதல் நாலு நாள் குதிகாலால் அழுத்திக்கொண்டிருந்தார், முட்டுச்சில்லு அசையவே இல்லை. கை வைத்துப் பார்த்தபிறகுதான் பிடிபட்டது. 10 தடவை, காலை மாலை.

காலைத் தூக்குவது: மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்றக் காலை மடக்காமல் ஒரு அடி உயரம் தூக்கி 5 எண்ணி மெதுவாக இறக்குங்கள். தொப்பென்று போடக் கூடாது, இறக்குவதிலும் பலன் இருக்கிறது. இதுவும் 10.

நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவது: முன்னால் நீட்டி 5 எண்ணிப் பிடித்து இறக்குவது. டி.வி. பார்க்கும்போதே செய்யலாம்.

நாற்காலியிலிருந்து எழும்புவது: இரண்டு வாரம் கழித்து இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு, கையைத் தொடையில் ஊன்றாமல் எழும்பி உட்காருவது. முதலில் 5 தடவை முடிந்தாலே நல்லது. உயரம் சிரமமாக இருந்தால் ஒரு தலையணையைப் போட்டு ஆரம்பிக்கலாம்.

இதோடு சமதரையில் நடை, 10 நிமிஷத்தில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நம் மேற்குப் பக்கத்து ஏற்ற இறக்கப் பாதைகளில் வேண்டாம், பள்ளிக்கூட மைதானம் நல்லது. ஜூன் மாசத்திலும் ஐப்பசியிலும் மழை விடாமல் பெய்கிற நாளில் அம்மா வீட்டு வராந்தாவிலேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடந்தார்.

வலித்தால் என்ன செய்வது? செய்கிறபோது கொஞ்சம் வலிப்பது சகஜம். மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். மறுநாளும் கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் தெரியாது, வலி கூடினதாகக்கூடத் தோன்றும், அங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு வித்தியாசம் தெரிந்தது ஏழாவது வாரம். அன்றைக்கு அம்மா கட்டிலிலிருந்து கையை ஊன்றாமல் எழும்பிவிட்டு, "மக்ளே, பார்த்தியா" என்று கூப்பிட்டார்.

செலவு: அரசு மருத்துவமனையில் இலவசம். பஸ் அலைச்சல் முடியாமல் நாங்கள் பக்கத்தில் தனியாரிடமும் ஆறு தடவை போனோம், ஒரு தடவைக்கு 350 ரூபாய். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கரண்ட் வைப்பது, சூடு வைப்பது என்று மெஷினை மட்டும் காலில் வைத்து இருபது நிமிஷத்தில் அனுப்பிவிடும் இடங்கள் உண்டு. அந்த நேரம் சுகமாக இருக்கும், தசைக்குப் பலம் ஏறாது. பயிற்சி சொல்லிக் கொடுக்காத இடத்துக்கு இரண்டாம் தடவை போகாதீர்கள்.

கதவுக்குப் பின்னால் ஒரு நாட்காட்டித் தாளை ஒட்டி, செய்த நாளுக்கு ஒரு கோடு போட்டு வைத்தோம். அந்தத் தாள் பிற்பாடு பயன்பட்டது.

5. எடை

ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டில் விழுகிற பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது. அம்மா 74 கிலோவிலிருந்து ஐந்து மாசத்தில் 68க்கு வந்தார். நாலால் பெருக்கிப் பாருங்கள், ஒவ்வொரு அடிக்கும் 24 கிலோ. எந்த மாத்திரையும் இதைத் தராது.

பெரிய டயட் ஒன்றும் இல்லை. ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கி, மரச்சீனிக் கிழங்கை வாரத்தில் ஒரு நாளாக்கி, மீனைப் பொரிக்காமல் குழம்பு வைத்து, நாலு சாயாவை இரண்டாக்கிச் சீனியைக் குறைத்தோம். சாளை மீனும் பயறும் முட்டையும் குறைக்கவில்லை, தசை வளர அதெல்லாம் வேண்டும். பட்டினி கிடந்து குறைத்தால் தசையும் சேர்ந்து போய்விடும்.

6. வீட்டில் மாற்ற வேண்டியவை

குத்தவைத்து உட்காருவதும் சம்மணம் போடுவதும் முட்டுக்கு மிகப் பெரிய பாரம். கழிப்பறைதான் முதல் மாற்றம். மேலைநாட்டுக் கோப்பை வைக்க வசதி இல்லாவிட்டால், நடுவில் ஓட்டை உள்ள நாற்காலியை மருத்துவக் கருவிகள் விற்கிற கடையில் வாங்கிப் பழைய கோப்பைக்கு மேலேயே போட்டுக்கொள்ளலாம். நாங்கள் 1,800 ரூபாய்க்கு வாங்கினோம், அன்று ராத்திரியே அம்மா நிம்மதியாகத் தூங்கினார். காலைக்கடனை நினைத்தே அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருந்தது எங்களுக்கு அதுவரை தெரியாது. காய் நறுக்குவதை மேஜைக்குக் கொண்டு வாருங்கள், கட்டில் தாழ்வாக இருந்தால் காலுக்கு மரக்கட்டை வைத்து உயர்த்துங்கள். கோயிலில் பெஞ்சில் உட்கார்ந்தே ஜெபம் பண்ணலாம், எங்கள் பங்குத்தந்தையே அம்மாவிடம் இதைச் சொன்ன பிறகுதான் அவர் ஒத்துக்கொண்டார்.

ஊன்றுகோலை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் எல்லாரும் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். செருப்பு போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரைக்கும் கோலின் உயரம் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வையுங்கள்.

மருந்துக்கடையில் விற்கும் முட்டு உறையைக் கண்ணளவில் வாங்காதீர்கள், முட்டைச் சுற்றி டேப்பால் அளந்து வாங்குங்கள். வெளியே நடக்கும்போது மட்டும் போதும், ராத்திரி கழற்றிவிட வேண்டும்.

7. மாத்திரையும் களிம்பும்

டைக்ளோபினாக் ஜெல்லை முதலில் பாருங்கள். முட்டு மூட்டு தோலுக்குப் பக்கத்தில் இருப்பதால் மேலே பூசுவதே ஓரளவு உள்ளே போய் வேலை செய்கிறது, வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் மாத்திரை அளவு தொந்தரவு இல்லை. பூசின கையோடு ஒத்தடம் கொடுக்காதீர்கள், தோல் பொத்துவிடும். மக்கள் மருந்தகத்தில் கேட்டால் கம்பெனிப் பேரில் வாங்குவதைவிட விலை நன்றாகக் குறையும்.

வலி மாத்திரையை டாக்டர் எழுதின நாளுக்கு மேல் நீங்களாக நீட்டாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். சுகர், பிரஷர், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதய நோய் உள்ளவர்கள் கடையில் கேட்டு வாங்கவே கூடாது. பிரஷர் மாத்திரையும் நீர் பிரிகிற மாத்திரையும் சாப்பிடுகிறவர் அதோடு வலி மாத்திரையும் சேர்த்தால் சிறுநீரகம் அடி வாங்கும்.

மூட்டுத் தேய்மானத்துக்கென்று விற்கிற குளுக்கோசமைன் மாத்திரையில் மாசம் 900 ரூபாய் வீதம் நாலு மாசம் போட்டோம். பெரிய ஆய்வுகளில் அதற்குச் சொல்லும்படியான பலன் தெரியவில்லை என்பதை அப்புறம்தான் அறிந்தேன். அந்தப் பணத்துக்கு மீனும் முட்டையும் வாங்குங்கள்.

8. ஊசிகள்

ஸ்டீராய்டு ஊசி மூட்டில் வீக்கமும் கடும் வலியும் இருக்கும்போது சில வாரங்களுக்கு நிம்மதி தரும், அந்த இடைவெளியில் பயிற்சியை ஆரம்பித்துக்கொள்ளலாம். அடிக்கடி போடக் கூடாது. சுகர் உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், ஊசிக்கு முன்பே சொல்லி வையுங்கள். ஜெல் ஊசி, ரத்தத்திலிருந்து எடுத்துப் போடுகிற ஊசி என்று ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அவற்றின் பலன் இன்னும் உறுதியாக நிலைநிற்கவில்லை, கடன் வாங்கிப் போடாதீர்கள். துளை போட்டு மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்கிறோம் என்பதும் தேய்மானத்துக்கு உதவவில்லை என்று 2002லேயே அமெரிக்காவில் ஆய்வு செய்து காட்டிவிட்டார்கள்.

9. நாட்டு வைத்தியம்: எது சரி, எதில் ஆபத்து

நம் மாவட்டத்தில் ஆசான் வைத்தியமும் (வர்ம வைத்தியம்) தைலமும் இல்லாத வீடு இல்லை. முறிவெண்ணெய் தேய்த்து நொச்சி இலை ஒத்தடம் கொடுப்பது இதமாக இருக்கும், அம்மா இன்றைக்கும் செய்கிறார். முறையாக ஆயுர்வேதம் பார்க்க நினைத்தால் நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே போய்ப் படித்த வைத்தியரிடம் காட்டுங்கள். ஜானு வஸ்தி என்று முட்டைச் சுற்றி மாவால் வரப்பு கட்டி இளஞ்சூட்டு எண்ணெயை நிறுத்தி வைக்கிற சிகிச்சை உண்டு, உங்களுக்கு ஒத்துவருமா என்று கேட்கலாம். எது செய்தாலும் தொடைப் பயிற்சியை விடக் கூடாது.

ஆபத்து எதில் என்றால், பேர் ஒட்டாத பொட்டலத்தில் வருகிற பொடியிலும் மாத்திரையிலும். எங்களுக்கு ஒருவர் கொடுத்தார், மூன்றாம் நாள் வலி பறந்துவிட்டது, நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஒன்றரை மாசத்தில் அம்மாவின் முகம் உருண்டையாக ஊதி, 140ல் இருந்த சுகர் 300 தாண்டிவிட்டது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார். மூன்றே நாளில் வலி முழுசாக மறைந்தால் சந்தேகப்படுங்கள்.

10. பன்னிரண்டாவது வாரம் மறுபடி டாக்டரிடம்

இந்த மூன்று மாசத்துக்குள் ஒரு வேலையை முடித்து வையுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் எடுத்துவிடுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தார் ஆதார் எல்லாம் அசலும் நகலுமாக எடுத்துக்கொண்டு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிவு செய்து கிடைக்கச் சில நாள் ஆகும், அதை முதலில் போட்டுவிடுங்கள். வெளிநோயாளியாகப் பிசியோதெரபி செய்கிற செலவுக்கு இந்த அட்டை உதவாது, மூட்டு மாற்று அறுவைக்கு உதவும்.

மூன்று மாசம் ஒழுங்காகச் செய்த பிறகும் ராத்திரி வலியில் தூக்கம் போகிறது, வீட்டுக்குள் நடக்கவே முடியவில்லை, கால் வில் மாதிரி வளைந்துகொண்டே போகிறது என்றால் ஆபரேஷனைப் பற்றித் தயங்காமல் பேசுங்கள். அது நல்ல சிகிச்சைதான், வேண்டியவருக்கு வேண்டிய நேரத்தில். அப்போதும் வேறு ஒரு எலும்பு டாக்டரிடம் இன்னொரு கருத்து கேட்டுவிடுங்கள். பயிற்சி செய்த மூன்று மாசமும் வீண் போகாது, தொடை பலமாக இருப்பவர் ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் நடக்கிறார்.

டாக்டரிடம் போகும்போது கதவுக்குப் பின்னால் ஒட்டின அந்த நாட்காட்டித் தாளைக் கிழித்துக் கொண்டு போங்கள். 84 நாளில் அம்மா 71 கோடு போட்டிருந்தார். டாக்டர் அதை எண்ணிப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே கவரைத் திறக்காமலே, "எழும்பி நடந்து காட்டுங்கம்மா" என்றார்.